சம்பந்தியை முன்னால் நிறுத்திய போர்

திருநெல்வேலி டவுண்,
கார்த்திகை மாதம், மழை விட்ட ஒரு மத்தியானம்.

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை சிவகணேஷ் அவர்களுக்கு, மாமனார் காந்திமதிநாதன் நிறைய மரியாதையோடும் கொஞ்சம் கலக்கத்தோடும் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் அத்தை கோமுவும் நெல்லையப்பர் புண்ணியத்தில் சௌக்கியம். பெங்களூரில் நீங்களும் விஜயஸ்ரீயும், அவள் வயிற்றில் இருக்கிற எங்கள் பேரப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அவளை மாடிப்படியில் பைய இறங்கச் சொல்லவும். ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது. என் முழங்கால் வலி பரவாயில்லை. இனிமேல் எழுதப்போகிற விஷயத்துக்கும் முழங்காலுக்கும் சம்பந்தம் இல்லை, ஆனாலும் நீங்கள் கேட்பீர்கள் என்று முன்கூட்டியே எழுதிவிட்டேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று விஜயஸ்ரீ சிரிப்பாள். என்ன செய்ய? போனில் பேசினால் உங்கள் அத்தை பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நாலு திருத்தம் போடுவாள். வாட்சப்பில் எழுதினால் அது எப்படியோ குடும்பக் குழுவில் போய் விழுந்துவிடுகிறது. ஏற்கெனவே ஒரு தடவை விழுந்து நான் பட்ட பாடு பின்னால் வருகிறது. ஆகவே கவரில் போட்டு ஒட்டி, நானே தபாலாபீசுக்குக் கொண்டுபோகப் போகிறேன்.

விஷயம் இதுதான். தை பிறந்ததும் நம் விஜயஸ்ரீக்கு வளைகாப்பு. மண்டபம் பேசியாகிவிட்டது, வளையல்கூட உங்கள் அத்தை பார்த்துவிட்டாள். இந்த நிலைமையில் உங்கள் அப்பா, எங்கள் மரியாதைக்குரிய சம்பந்தி ஐயம்பெருமாள் அவர்கள், "ஆத்துப்பாலம் தாண்டி டவுணுக்குள்ள காலெடுத்து வைக்க மாட்டேன்" என்று பாளையங்கோட்டையில் உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளையின் தகப்பனார் இல்லாமல் வளைகாப்பு நடத்தினால் எங்கள் சொந்தக்காரர்கள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவுவதற்குள் ஒரு கதை கட்டிவிடுவார்கள், அது தென்காசி வரைக்கும் போய்த் திரும்பி வரும். இதற்கெல்லாம் காரணம் நான்தான் என்று உங்கள் அத்தை சொல்கிறாள். நான் என்ன சொல்கிறேன் என்றால், நீங்கள் கோடை லீவுக்கு வந்தபோது விட்டுவிட்டுப் போன லேப்டாப். நான் உங்களைக் குற்றம் சொல்லவில்லை. மாப்பிள்ளையைக் குற்றம் சொல்லுகிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

"மாமா, ரிட்டயர் ஆயிட்டீங்க, பொழுது போகணும்ல, இது பழைய காலத்து ஜப்பான், கோட்டை கட்டணும், வயல் பாக்கணும், சண்டை போடணும், அவ்வளவுதான்" என்று சொல்லி அந்த விளையாட்டைத் திறந்து காட்டிவிட்டு நீங்கள் ரயிலேறிவிட்டீர்கள். வயல் என்று சொன்னதும் நான் விழுந்துவிட்டேன் மாப்பிள்ளை. வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்துவிட்டே தலை நரைத்தவன் நான். சண்டையைப் பற்றி யோசிக்கவே இல்லை, இருக்கிற தங்கத்தை எல்லாம் நெல் வயலில் போட்டேன், என் நாட்டைப் போல விளைந்த நாடு ஜப்பானிலேயே கிடையாது, பக்கத்து நாட்டுக்காரன் ஒவ்வொருத்தனாக அதைப் பார்த்து எச்சில் விட ஆரம்பித்தான். அப்போதுதான் எனக்குத் தளபதிகள் என்று சிலர் இருப்பதே தெரிந்தது. அவர்களுடைய பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. பெயரின் மேல் அமுக்கினால் நாமே வேறு பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று கண்டுபிடித்தேன். சரி, வேறு யார் பெயரை வைப்பது, நம் மனுஷாள் இருக்கும்போது? மூத்தவர், வெள்ளை மீசை, குதிரையில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார், அவருக்கு உங்கள் அப்பா பெயர். கொஞ்சம் முறைத்த மாதிரி, உதட்டைச் சுழித்துக்கொண்டு ஒருத்தர் இருந்தார், அவருக்கு உங்கள் அத்தையின் தம்பி காசிலிங்கம் பெயர். பொருத்தம் பார்த்துத்தான் வைத்தேன்.

பெயர் வைத்ததோடு நிற்கவில்லை, நான் வேலை பார்த்த பொதுப்பணித்துறை ஆபீஸ் முறைப்படி நிர்வாகமும் செய்தேன். ஒருத்தர் ஒரே கோட்டையில் ரொம்ப நாள் இருந்தால் வேர் விட்டுவிடுவார் என்று எல்லாருக்கும் மாறுதல் போட்டேன். வடக்கே இருந்தவர் தெற்கே, தெற்கே இருந்தவர் வடக்கே. விளைவு என்னவென்றால், எதிரி வந்தபோது என் தளபதிகள் அத்தனை பேரும் பனியில் நடந்துகொண்டிருந்தார்கள், கோட்டையில் ஒருத்தரும் இல்லை. அது போகட்டும். ஒவ்வொரு தளபதிக்கும் நம்மேல் எவ்வளவு விசுவாசம் என்று அந்த விளையாட்டில் பூப்பூவாகக் காட்டுகிறார்களே, காசிலிங்கத்துக்கு எப்போது பார்த்தாலும் ஒரே பூ. அதுவும் வாடின மாதிரி. விசுவாசம் இல்லாத தளபதியைப் பெரிய படையோடு தனியே அனுப்பினால் படையோடு எதிரி பக்கம் போய்விடுவான் என்று போட்டிருந்தது. இதைப் பற்றி உங்களிடம் யோசனை கேட்கலாம் என்று, "காசிலிங்கத்தை நம்ப முடியாது, தனியாக எங்கேயும் அனுப்பக் கூடாது, பொறுப்பு எதுவும் கொடுக்காமல் கண் பார்வையில் வைத்திருக்கணும்" என்று வாட்சப்பில் எழுதினேன். உங்களுக்கு எழுதினதாகத்தான் நினைத்தேன். அது குடும்பக் குழுவில் விழுந்தது. எல்லாரும் படித்துவிட்டார்கள் என்று நீலக் கோடு காட்டியது. காசிலிங்கம் மட்டும் கை கூப்புகிற படம் ஒன்று போட்டான். உங்கள் அத்தை ஒரு வாரம் எனக்குச் சாம்பாரில் உப்பே போடவில்லை.

இனி அந்தப் போருக்கு வருகிறேன். மேற்கே இருந்து ஒருத்தன் பெரிய படையோடு வந்தான். நானும் படையைத் திரட்டினேன். சம்பந்திதான் சேனாதிபதி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவரை எங்கே நிறுத்துவது? மாப்பிள்ளை, நீங்களே சொல்லுங்கள், ஊர்வலத்தில் சம்பந்தி எங்கே வருவார்? நாதஸ்வரத்துக்கு அடுத்தபடி, எல்லாருக்கும் முன்னால்தானே? அவரைப் போய்ப் படைக்கு நடுவில் ஒளித்து வைக்க எனக்கு மனசு வருமா? நாளைக்கு உங்கள் அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்? அதனால் அவரைக் குதிரையில் ஏற்றி, கொடியையும் கொடுத்து, படைக்கெல்லாம் முன்னால் தன்னந்தனியே கம்பீரமாக நிறுத்தினேன். எதிரி வில்லாளிகளுக்கு இதைவிடத் தோது வேண்டுமா? முதல் அம்பு மழையிலேயே உங்கள் அப்பா குதிரையோடு சாய்ந்தார். அவர் சாய்ந்ததுதான் தாமதம், அவருக்குப் பின்னால் நின்ற அத்தனை பேரும் ஈட்டியையும் கேடயத்தையும் போட்டுவிட்டு ஓடினார்கள் பாருங்கள், கல்யாண வீட்டில் பந்தி போடுகிறார்கள் என்று சொன்னால்கூட அப்படி ஓட மாட்டார்கள். தளபதியை முன்னால் விடக்கூடாது மாமா என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குற்றம் சொல்லவில்லை.

நான் என்னை மறந்து, "ஐயையோ! ஐயம்பெருமாள் செத்துட்டாரே!" என்று கத்திவிட்டேன். அந்த நேரம் பார்த்தா உங்கள் அத்தை அடுத்த அறையில் உங்கள் அம்மாவோடு போனில் வளையல் நிறம் பேசிக்கொண்டிருக்கணும்? அதுவும் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு? அந்தப் பக்கம் உங்கள் அப்பா தட்டில் உப்புமாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். தன்னுடைய சாவுச் செய்தியைத் தன் காதாலேயே கேட்ட மனுஷர் நம் குடும்பத்தில் அவர் ஒருத்தர்தான்.

ஆனால் உங்கள் அப்பா பெரிய மனுஷர் மாப்பிள்ளை, அதைச் சொல்லியே ஆகணும். போனை வாங்கி, "என்ன சம்பந்தி, நான் செத்துட்டேன்னு சத்தம் கேக்குதே?" என்று கேட்டார். நான் விவரம் சொன்னேன். சிரித்தார்.

"சரி, எப்படிச் செத்தேன்?"

"அம்பு பட்டு."

"நெஞ்சுலயா, முதுகுலயா?"

"நெஞ்சுலதான் சம்பந்தி. நீங்க முதுகு காட்டுவீயளா?"

"அப்பச் சரி" என்றார். அவருக்கு ஒரு திருப்தி. அத்தோடு போனை வைத்திருக்கலாம். "சேனாதிபதின்னு சொன்னீரே, அந்தப் பதவி இப்ப யார்ட்ட இருக்கு?" என்று கேட்டார். நான் பொய் சொல்லத் தெரியாதவன். காசிலிங்கம் ஒற்றைப் பூவோடு நின்றான், பதவி கொடுத்தால் விசுவாசம் ஏறும் என்று போட்டிருந்தது, கொடுத்தேன், இரண்டு பூ கூடினது. அதை அப்படியே சொன்னேன். உப்புமா தட்டைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"நான் செத்தது கூடப் பரவால்லவே. எம் பதவியைக் கொண்டுபோய் அந்தக் காசிலிங்கத்துக்குக் குடுத்தீராக்கும்?"

உங்கள் கல்யாணத்தில் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மாப்பிள்ளை அழைப்புக் காரில் காசிலிங்கம் சட்டென்று ஏறி முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டான், உங்கள் அப்பா பின்னால் பழத்தட்டுகளோடு தட்டாக, மடியில் ஒரு அன்னாசிப் பழத்தை வைத்துக்கொண்டு வரவேண்டியதாகிவிட்டது. அந்த அன்னாசி இன்னும் அவரைக் குத்திக்கொண்டுதான் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. போன் வைக்கும்போதுதான் ஆற்றுப்பாலம் விஷயத்தைச் சொன்னார்.

நான் சும்மா இருக்கவில்லை. செத்தவரை எழுப்ப முடியாது, ஆனால் புதுசாக ஒரு இளவட்டத் தளபதி என்னிடம் வந்து சேர்ந்தான். அவனுக்கு உடனே ஐயம்பெருமாள் என்று பெயர் வைத்துவிட்டு, சந்தோஷம் தாங்காமல் பாளையங்கோட்டைக்குப் போன் போட்டேன். "சம்பந்தி, நீங்க மறுபடி பொறந்துட்டீங்க! மீசைகூட இல்ல, கன்னம் பளபளன்னு இருக்குது!" என்றேன். கொஞ்சம் குளிர்ந்த மாதிரிதான் இருந்தது. "என்ன பதவி?" என்றார். "இப்பதான சேந்திருக்கீய, பதவி இனிமேதான்" என்றேன். "யாருக்குக் கீழே?" என்றார். மாப்பிள்ளை, அந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று நினைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு அவர் என் போனை எடுப்பதே இல்லை.

உங்கள் அத்தை அன்றைக்கு விட்ட விடுதலில் லேப்டாப் பீரோவுக்குள் போயிருக்க வேண்டியது. "பொம்மைச் சண்டைக்காக எம் பிள்ளை வளைகாப்பைக் கெடுத்துட்டு நிக்குதீயளே, உங்களுக்கே நல்லா இருக்கா? நாளைக்கு அவ மாமனார் இல்லாம மணையில உக்காரும்போது அவ மூஞ்சியை நீங்க பாப்பீயளா?" என்று கேட்டாள். எனக்கு அது உண்மையிலேயே நெஞ்சில் தைத்தது. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் சமையலுக்குச் சொல்லவேண்டிய வேலை பாக்கி இருந்ததால், தவசுப்பிள்ளை கோமதிசங்கரைப் பார்க்க அவர் சமையல் பண்ணிக்கொண்டிருந்த ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போனேன். போன இடத்தில்தான் எனக்குப் போர் என்றால் என்னவென்று புரிந்தது.

அவர் கரண்டியைத் தொடவே இல்லை மாப்பிள்ளை. அடுக்களையில் கொஞ்சம் மேடான இடத்தில், தோளில் துண்டோடு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் எல்லாரையும் பார்க்கிறார், எல்லாரும் அவரைப் பார்க்கிறார்கள், வேலை பறக்கிறது. என்னோடு பேசுவதற்காக வாசலுக்கு எழுந்து வந்தார். அவ்வளவுதான். ஒருத்தன் போனை நோண்டுகிறான், ஒருத்தன் அப்பளத்தைக் கடிக்கிறான், அடுப்பில் தேங்காய்ப்பால் சொதி திரியப் போகிறது. அவர் திரும்பிப் போய் நின்றார், வாயைத் திறக்கவில்லை, அத்தனை கையும் மறுபடி ஓடினது. நான் வந்த காரியத்தையே மறந்துவிட்டு வீட்டுக்கு வேகமாக நடந்தேன். தளபதியின் வேலை சண்டை போடுவது அல்ல, தெரிகிற இடத்தில் நிற்பது! ரொம்ப முன்னால் போனால் செத்துப்போவார், ரொம்பப் பின்னால் போனால் படைக்குத் தெரிய மாட்டார், ஒருத்தனும் வேலை செய்ய மாட்டான். படைக்குப் பின்னால், பக்கத்திலேயே, கொஞ்சம் மேட்டில். எந்தப் பக்கம் ஆள் சோர்ந்து போகுதோ அந்தப் பக்கமாகப் பைய நகர்ந்து நிற்கணும். இதுதான் சூட்சுமம். இன்னும் கேளுங்கள், வயசான தளபதியைக் கோட்டையில் வைத்தால் ஊர் அடங்கி இருக்கும், இளவட்டத்தைச் சண்டைக்கு அனுப்பினால் அனுபவம் ஏறும். ஒவ்வொருத்தருக்கும் ஒரே வித்தையில் தேர்ச்சி கொடுக்கணும். வில்லும் கொஞ்சம் குதிரையும் கொஞ்சம் கவிதையும் கொஞ்சம் என்று கொடுத்தால் ஒன்றுக்கும் உதவ மாட்டான். எல்லாத் தளபதியையும் ஒரே கோட்டையில் சேர்த்து வைக்கவே கூடாது, அது சொந்தக்காரர்களை ஒரே வேனில் ஏற்றுகிற மாதிரி. ஒருத்தருக்குப் பதவி கொடுக்கும்போது மற்றவர் எல்லாருடைய பூவையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளணும். நான் எத்தனை கல்யாணம் முன்னால் நின்று நடத்தியிருக்கிறேன், இது எனக்கு முதலிலேயே தோன்றியிருக்க வேண்டாமா?

வந்த வேகத்தில் லேப்டாப்பைத் திறந்து, இளவட்ட ஐயம்பெருமாளை ஒரு குன்றின் மேல் நிறுத்தி, வில்லாளிகளை அவர் காலடியில் வைத்து, ஈட்டிக்காரர்களை முன்னால் விட்டேன். மேற்கத்தியான் வந்தான். அடடா, அவன் பட்ட பாடு! இந்தத் தடவை அவன் தளபதி முன்னால் வந்தான், எவனோ மரியாதை தெரிந்தவன் நிறுத்தியிருக்கிறான், முதல் அம்பிலேயே சாய்ந்தான். உங்கள் அப்பாமேல் ஒரு கீறல் இல்லை. நான் நாற்காலியை விட்டு எழுந்து ஆடிவிட்டேன், அப்போதுதான் முழங்கால் பிடித்துக்கொண்டது. (மேலே முழங்காலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும்.) நான் ஆடுவதைப் பார்த்த உங்கள் அத்தை லேப்டாப்பை எடுத்துப்போய்ப் பீரோவில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஆகவே மாப்பிள்ளை, நான் இந்த விளையாட்டை விட்டுவிட்டேன். காந்திமதி அம்மன் சந்நிதியில் நின்று சத்தியம் செய்துவிட்டேன், இனி அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. நீங்கள் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. உங்கள் அப்பாவிடம் பக்குவமாகப் பேசி, அவரை ஆற்றுப்பாலம் தாண்ட வைக்கவேண்டும். நான் அவரை முன்னால் நிறுத்தினது அவமரியாதையால் அல்ல, மரியாதை கூடிப்போனதால் என்று சொல்லவும். லேப்டாப்பை அடுத்த முறை வரும்போது எடுத்துக்கொண்டு போய்விடவும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம், என் பெண் மணையில் உட்காரும்போது இரண்டு வீட்டுப் பெரியவர்களும் எதிரில் நிற்கணும், அவள் சிரிக்கணும், அது போதும்.

விஜயஸ்ரீக்கும் பேரப்பிள்ளைக்கும் எங்கள் இரண்டு பேருடைய ஆசி. நீங்கள் இருவரும் எல்லாச் செல்வமும் பெற்று, எந்தக் குழுவிலும் தவறாக எதையும் அனுப்பாமல், நீண்ட காலம் சுகமாக வாழவேண்டும்.

என்றும் தங்கள் நலம் நாடும் மாமனார்,
காந்திமதிநாதன்.

பின்குறிப்பு: ஒட்டின கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். தபாலாபீசுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் ஸ்கூட்டர் சத்தம். உங்கள் அப்பா! கையில் அல்வாப் பொட்டலம். "கோயிலுக்கு வந்தேன், அப்படியே எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு" என்றார். நடை சாத்துகிற நேரத்தில் எந்தக் கோயிலுக்கு என்று நான் கேட்கவில்லை. காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, "நான் ஏதோ குன்று மேல நின்னு ஜெயிச்சேன்னு உங்க வீட்ல எங்க வீட்டுக்காரிட்ட போன்ல சொன்னாங்களாமே. எங்கவே அந்தக் குன்று? காட்டும்" என்றார். மாப்பிள்ளை, பீரோவைத் திறந்தது உங்கள் அத்தை. அவள் கையாலேயே.

அம்மன் பொறுத்துக்கொள்வாள் என்று நினைக்கிறேன். இப்போது என் நாற்காலியில் உங்கள் அப்பா உட்கார்ந்திருக்கிறார், இந்தக் கடிதத்தையும் படித்துவிட்டார். தளபதியை எங்கே நிறுத்தினால் என்ன ஆகும் என்பதெல்லாம் இப்போது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சேனாதிபதி பதவியை அவருக்கே திருப்பிக் கொடுத்தேன். அந்தச் சந்தோஷத்தில் திரையைப் படம் பிடித்து உங்களுக்கு அனுப்பினேன். அது குடும்பக் குழுவில் விழுந்தது. கால் மணி நேரத்தில் காசிலிங்கம், "தையில் எனக்கு வேலை இருக்கிறது, தாய்மாமன் சீர் கொண்டுவர ஆள் பார்த்துக்கொள்ளவும்" என்று போட்டுவிட்டான். உங்கள் அத்தை தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

உங்கள் அப்பாதான் என் போனை வாங்கி, தானே காசிலிங்கத்தைக் கூப்பிட்டார். "காசிலிங்கம், கோவப்படாதீய. பதவி எனக்கு எதுக்கு, நீங்களே வச்சுக்கிடுங்க. நாளைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வாங்க, அடுத்த சண்டை உங்க தலைமையிலதான். வளைகாப்புக்கும் சீரோட நீங்கதான் முன்னால வரணும், கார்ல முன் சீட்டு உங்களுக்குத்தான்" என்று அவ்வளவு இதமாகப் பேசினார். காசிலிங்கம் உருகிப்போய், "நீங்க சொல்லி நான் தட்டுவேனா அண்ணாச்சி" என்றான். உங்கள் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆக, இரண்டு பேரும் வளைகாப்புக்கு வருகிறார்கள், நீங்கள் யாரிடமும் பேச வேண்டாம், லேப்டாப்பையும் எடுத்துப் போக வேண்டாம், முடிந்தால் நல்லதாக ஒரு மவுஸ் வாங்கி அனுப்பவும்.

போனை வைத்ததும் உங்கள் அப்பா அல்வாவில் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, திரையில் உதட்டைச் சுழித்து நிற்கிற காசிலிங்கத்தைக் காட்டிச் சொன்னார்: "அவருக்கு ஒரு மரியாதையும் குறைக்காதேயும்வே. நல்ல குதிரையாப் பாத்துக் குடும், கொடியையும் குடும். எல்லாருக்கும் முன்னால நிறுத்தும்."